மணிக்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டம்

தண்ணீர் முறை சொல்லி நான் அனுப்பிய குறுஞ்செய்திகளின் கடைசியில், சிலருக்கு மட்டும், ஒரு சின்னப் புள்ளிவட்டம் வந்து நின்றது. புள்ளிகளால் கோத்த வட்டம். அதன் தலையில், எழுத்தைவிட்டுத் தனியே கழன்ற ஒரு விசிறி, ‘கி’, ‘சி’யின் தலையில் வளைத்துப் போடுகிற அதே கோடு. ‘செவ்வாய் பின்னேரம் 2 மணி’ என்று முடிய வேண்டிய இடத்தில், மணிக்குப் பின்னால் அது குந்திக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் வந்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். பக்கத்து வயல்காரருக்கு வந்து தனக்கு வராததுதான் ஆட்களை உறுத்தியது.

சிறுபோகம் என்றாலே எங்கள் பக்கம் ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்க்கிற காலம். காலபோகத்துக்கு மழை இருக்கிறது, குளமும் இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சியது மட்டும்தான். அதனால் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில் முதலில் கூட்டம் வைத்து, குளத்தின் அளவைப் பார்த்து, ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு பங்குதான் விதைக்கலாம் என்று பிரிப்பார்கள். மூன்று ஏக்கர்காரர் ஒரு ஏக்கர் விதைப்பார். அந்த ஒரு ஏக்கருக்கும் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். பங்குக்கு மேலே விதைத்தது ஆர், தன் முறை முடிந்தும் மடையை அடைக்காமல் விட்டது ஆர் என்று அறுவடை வரைக்கும் கதை ஓடும்.

கிளை வாய்க்கால்களில் தண்ணீரை விடவும் அடைக்கவும் உள்ள துருசுக் கதவுகளுக்குப் பூட்டு உண்டு. திறப்பு, அந்தப் பூட்டுகளின் சாவி, ஒரே ஒருவரிடம். அவரைத் துருசுக்காரர் என்றே எல்லாரும் சொல்வோம். ஐம்பதைத் தாண்டிய, சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். சொந்த வயல் இல்லாதவர். வயல் உள்ளவரிடம் திறப்பைக் கொடுத்தால் தன்ர வயலுக்குத்தான் முதலில் திறப்பார் என்று எங்கள் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு எப்போதோ எடுத்த முடிவு அது. வயலில்லாத மனிதருக்கு எங்கள் ஊரில் இருந்த ஒரே மதிப்பு அந்தத் திறப்புத்தான். ஏழு போகமாக அதை அவர் சட்டைப்பையில் வைத்திருந்தார். கல்யாண வீட்டில் அவருக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்ததும் அதனால்தான்.

நான் வவுனியாவில் கணனி படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டு, வீட்டில் நிலைகொள்ளாமல் நின்ற நாட்கள் அவை. முறைப் பட்டியலை அதுவரை சந்திக் கடைச் சுவரில் ஒட்டுவார்கள். சோளகக் காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கிழித்தது காற்றில்லை என்று இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். கூட்டத்தில் நான் எழும்பி, ஒவ்வொருவருக்கும் அவரவர் முறையைப் போனுக்கே அனுப்பலாம், நான் செய்து தாறன், கொம்பியூட்டர் பிழை விடாது என்றேன். ஒருவரும் என்னைக் கேட்டிருக்கவில்லை. அமைப்பின் செயலாளராக இருந்த அக்கா, “உமக்கு நேரம் கிடக்கு. செய்யும்,” என்றா. அது சம்மதமா நக்கலா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

செய்தியை உருவாக்கும் பகுதியில்தான் என் முழு ஆசையும் இருந்தது. ஜாவா என்ற கணனி மொழியில் ஒரு எழுத்துத் தொடரைச் செய்துவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. பெயருக்குப் பின்னால் நாளைச் சேர்க்கிறோம் என்று நாம் நினைப்போம். உள்ளே அது பழையதை அப்படியே போட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைச் செய்யும். நேரத்தைச் சேர்த்தால் இன்னொன்று. இப்படிப் பாதியில் கைவிட்ட தொடர்கள் நினைவகத்தில் குப்பையாகக் கிடக்கும். நாற்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு அனுப்ப அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தேவையில்லாமல் ஒரு எழுத்துக்கூட இரண்டாம் முறை படியெடுக்கப்படுவது எனக்குப் பொறுக்காது.

அதற்கென்று ஏற்கெனவே செய்து வைத்த பஃபர் அந்த மொழியிலேயே இருக்கிறது. எழுத்துகளை ஒரே இடத்தில் எழுதலாம், மேலே எழுதலாம், நீட்டலாம், வெட்டலாம். அதை எடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. நான் அதையும் நம்பவில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும் என்று, என் பஃபரை நானே எழுதினேன். எழுத்துகள் இருக்க ஒரு வரிசை. எவ்வளவு தூரம் நிரம்பியிருக்கிறது என்று சொல்ல ஒரு எண். எழுத ஒரு வழி, வாசிக்க ஒரு வழி. எல்லாவற்றையும் ஒரு வகுப்புக்குள், அதாவது ஒரு மூடிய பெட்டிக்குள், அடைத்து, வெளியிலிருந்து ஒருவரும் அந்த வரிசையில் கை வைக்க முடியாதபடி பூட்டினேன். கேட்டால் தரும், தொட விடாது. பொருள்நோக்குச் செய்நிரலில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒருவரையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாடு.

ஒரு கிளை வாய்க்காலுக்கு ஒரு பஃபர். அந்த வாய்க்காலில் உள்ள எட்டுப் பேரின் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் எழுதப்பட்டு வெளியே போகும். எட்டுப் பேருக்கு எட்டு இடம் எடுக்காமல் ஒன்றையே திரும்பத் திரும்பப் பாவிப்பது. பரீட்சித்துப் பார்த்தபோது ஆளுக்கொரு புதுப் பஃபர் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று வந்தது.

பிறகு வட்டம் வந்தது.

சந்திக் கடைக்காரரின் போனில் கண்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் அதைப் படம் பிடித்துப் போட்டவர் டிராக்டர்காரர். அவருடைய வயல் எங்கள் வாய்க்காலின் கடைசியில். தலைப்பில் உள்ளவர்கள் குடித்து மிச்சம்தான் தனக்கு வருகிறதென்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அதில் பாதி உண்மை.

“உதென்ன வட்டம்?” என்று எழுதினார்.

“எனக்கு வரேல்லை,” என்றார் ஒருவர்.

“உமக்கு ஏன் வரும்? நீரும் என்னைப்போலக் கடைசியில கிடக்கிற ஆள்.”

“எனக்கு வட்டம் இல்லை. மணி எண்டு ரெண்டு தரம் கிடக்கு.”

“அப்ப உமக்கு ரெண்டு மணித்தியாலம்.”

சிரிப்புப் படங்கள் வந்தன. ஆனால் அன்று பின்னேரமே அவர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், வட்டம் வந்தது ஆருக்கு, வராதது ஆருக்கு என்று ஒரு கொப்பியில் எழுதினார் என்று அறிந்தேன். வட்டம் வந்தவர்களுக்குத் துருசு கால்மணி நேரம் பிந்தி மூடப்படும், அது துருசுக்காரருக்கும் அவர்களுக்கும் மட்டும் விளங்கிற குறி என்பது அவருடைய முடிவு.

நான் குழுவில், “அது போனின்ர எழுத்துப் பிரச்சினை. பழைய போனுகளில தமிழ் சரியாக் காட்டாது,” என்று எழுதினேன். பார்த்துவிட்டு எழுதவில்லை. என் செய்நிரலில் பிழை இருக்காது என்ற உறுதியில் எழுதினேன்.

அவர் உடனே பதில் போட்டார்: “தங்கச்சி, என்ர போன் போன மாதம் வாங்கினது. அதில வட்டம் இல்லை. கடைக்காரற்ற போன் கண்ணாடி வெடிச்ச போன். அதில எழுத்தும் வடிவாத் தெரியுது, வட்டமும் வடிவாத் தெரியுது.”

ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு, எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன்.

அடுத்த கிழமைச் செய்திகள் போன அன்று விஷயம் முற்றியது. சந்திக் கடைக்காரருக்கும் எங்கள் வாய்க்காலில் வயல் உண்டு. துருசுக்காரர் நாள் தவறாமல் தேத்தண்ணி குடிப்பது அவருடைய கடையில்தான் என்பதால், அவர்மேல் ஊருக்கு ஏற்கெனவே ஒரு கண். அவருக்குப் போன செய்தி இப்படி முடிந்திருந்தது: ‘செவ்வாய் பின்னேரம் 2 மணிகாலை 6 மணி’.

நான் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வெடித்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினார்.

“எனக்கு ரெண்டு முறை தந்தால் நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ, பிள்ளை? ஆனா எந்தக் காலமை எண்டு போடேல்லையே.”

“உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரிஞ்சால் நான் உம்மட்டக் கேப்பனோ?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற டிராக்டர்காரர், “நாள் போடாமல் நேரம் மட்டும் போடுறதுதான் களவு. எந்த நாள் எண்டு வாயால சொல்லியிருப்பினம்,” என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

செயலாளர் அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டியலை அடிப்பது அவாதான். போனில் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிக் கடைக்காரரின் வரிசையைக் காட்டினா. செவ்வாய் பின்னேரம் 2 மணி. வேறொன்றும் இல்லை.

“நான் அடிச்சது இவ்வளவுதான். மிச்சம் உம்மட பெட்டிக்குள்ள நடந்தது.”

“என்ர பெட்டிக்குள்ள ஒருத்தரும் கை வைக்கேலாது, அக்கா. இந்தப் போனை வேற ஆர் தொட்டவை?”

அவா யோசித்தா. “துருசுக்காரர் ஞாயிற்றுக்கிழமை, நீர் அனுப்ப முன்னம் வந்து பட்டியலைப் பாத்தவர். அந்தாளுக்கு இலக்கம் வாசிக்கவே கண்ணாடி வேணும். அவரையோ சொல்லுறீர்?”

“தொட்டவரோ இல்லையோ?”

“தொட்டவர்தான்.”

எனக்கு அது போதும். என் பஃபர் பூட்டியிருந்தது. பட்டியல் சரி. அப்படியென்றால் இடையில் புகுந்தது ஒரு மனிதக் கை. செய்நிரலில் பிழை தேடுகிற அதே ஒழுங்கோடு, ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி, ஒரு அப்பாவி மனிதரில் போய் நின்றேன். அந்தப் பட்டியலில் மற்ற நாற்பத்தேழு வரிசைகளை வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதன் விடிய ஆறு மணிக்கு வாய்க்கால் கரைக்குப் போனேன். ஒருவரும் வரவில்லை. ஒரு நாளில் விடுகிற ஆளில்லை நான். வியாழனும் போனேன். சைக்கிளைக் கிரவல் றோட்டிலேயே சாய்த்துவிட்டு, பனை வடலிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஆறுக்குச் சற்று முன்னால் துருசுக்காரர் வந்தார். முழங்காலில் நின்று பூட்டைத் திறந்தார், கதவைத் திருகி உயர்த்தினார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு கடைக்காரரின் வரம்புப் பக்கம் திரும்பியது. போனை நீட்டி, திரையில் காட்சியைக் கிட்ட இழுத்து, படம் எடுத்தேன். கையில் திறப்பு, பின்னால் தண்ணீர், அதற்குப் பின்னால் கடைக்காரரின் வயல். ஒரு படத்துக்குள் இவ்வளவும் விழுமென்று நானே எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவில் போட்டேன். கீழே, ‘வியாழன் காலை 6.05’ என்று மட்டும். ஒரு குற்றச்சாட்டும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் அவசரக் கூட்டம். ஒரே விஷயம்: துருசுக்காரரிடமிருந்து திறப்பை வாங்குவது.

அன்று பின்னேரம், என்னோடு படித்த சிநேகிதிக்குப் போன் எடுத்தேன். அவள் நாயாற்றுக்காரி. தகப்பனும் தமையனும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் கடற்கரை மீன்வாடியில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கோட் எழுதுகிறாள். களவைப் பிடித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த வட்டத்தை ஒருக்கா அனுப்பு,” என்றாள்.

அனுப்பினேன்.

“இது குறியில்லையடி. தனி விசிறி. முன்னுக்கு எழுத்தில்லாமல் விசிறி மட்டும் வந்தால், போன் ஒரு புள்ளிவட்டத்தை வரைஞ்சு அதில கொழுவி விடும். ‘மணி’யின்ர கடைசித் துண்டு. எங்கயிருந்து மிஞ்சினது?”

“எனக்கென்ன தெரியும்? போன் பிரச்சினை.”

“எட்டுப் பேருக்கும் ஒரே பஃபரோ?”

“ஓம். அதுதானே அதின்ர வடிவு.”

“வடிவு கிடக்கட்டும். ஒராளுக்கு எழுதி முடிய மற்றாளுக்கு முன்னம் என்ன செய்யிறாய்?”

“தொடக்கத்துக்குப் போய் மேல எழுதுறன்.”

“நீளம்?”

“நீளம் போதாட்டிக் கூட்டுறன்.”

“குறைஞ்சால்?”

நான் லப்டொப்பை இழுத்து வைத்தேன். அவள் விடவில்லை.

“கடைக்காரருக்கு முன்னம் ஆருக்கு மெசேச் போனது?”

பட்டியலைத் திறந்தேன். கடைக்காரருக்கு நேர் மேலே, கணவரின் பெயரும் சேர்ந்து நீளமாக எழுதப்பட்ட ஒரு அம்மாவின் பெயர். அவாவின் வயல் கடைக்காரரின் வயலுக்குப் பின்னால். தண்ணீர் அவரின் வரம்போரமாகத்தான் அங்கே போகும். அவாவின் முறை: வியாழன் காலை 6 மணி.

அம்மாவின் செய்தி நீளம். கடைக்காரரின் செய்தி கட்டை. கட்டையான செய்தி மேலே எழுதப்பட்டு முடிந்த இடத்துக்குப் பிறகு, அவாவின் செய்தியின் வால் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. என் பஃபரோ தன் நீளம் இன்னும் பழைய நீளம்தான் என்று நம்பி, வாலையும் சேர்த்து அனுப்பியது. ஒவ்வொரு வாய்க்காலிலும் ஆக நீளமான பெயருக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துக்குறி குறைந்தவருக்கு, விசிறி மட்டும் மிஞ்சி, வட்டம். ம, ண, விசிறி என்று மூன்றும் குறைந்தவருக்கு இரண்டாவது மணி. கடைக்காரருக்கு முழு நேரம்.

“எங்கட வீட்டில மீன்பெட்டியக் கழுவாமல் அடுத்த மீனைப் போட்டால் அண்ணன் ஏசுவான்,” என்றாள் சிநேகிதி. “முதல் நாள் இறால் மீசை அடுத்த நாள் பாரைக்குள்ள கிடக்குமெண்டு. நீ அதுக்குப் படமும் எடுத்துப் போட்டிருக்கிறாய்.”

“இப்ப என்ன செய்ய?”

“திருத்து. ஒரு வரிதானே. மற்றது நீ யோசி.”

ஒரு வரிதான். குழுவிலிருந்த படத்தை அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் சேமித்து வைத்தார்களோ தெரியாது. ஞாயிறு வரை காத்திராமல், வெள்ளி காலையே அடுத்த கிழமைக்கான செய்திகளை அனுப்பினேன். ஒருவருக்கும் வட்டம் இல்லை, வால் இல்லை. இதோடு அடங்கிவிடும், கூட்டத்தில் ஆதாரம் இல்லாமல் போய்விடும், நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று ஒரு நப்பாசை இருந்தது.

டிராக்டர்காரர் குழுவில் எழுதினார்: “பாத்தியளே. படம் போட்ட அடுத்த நாளே குறி நிண்டுபோச்சு. பயந்திட்டினம்.”

கீழே வரிசையாக ஓம், ஓம் என்று விழுந்தன. நான் திருத்தியதே அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இனி நான் சும்மா இருந்தால் அவருடைய திறப்பு போகும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. துருசுக்காரர் வாசலோரக் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. அமைப்பின் தலைவர் தொடங்க முன்னமே நான் எழும்பினேன்.

“அந்தப் படம் நான் போட்டது. நான் நினைச்சது பிழை.”

“படம் பிழையோ?” என்றார் டிராக்டர்காரர். “அதில நிக்கிறது அவர் இல்லையோ?”

“அவர்தான்.”

“துருசு திறந்து கிடக்கோ இல்லையோ?”

“கிடக்கு. ஆனா தண்ணி கடைக்காரருக்கு இல்லை. பின்வயல் அம்மாவுக்கு. வியாழன் ஆறு மணி அவாவின்ர முறை.”

எல்லாத் தலையும் அந்த அம்மாவின் பக்கம் திரும்பியது. அவா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “எனக்கு வியாழன் ஆறு மணி எண்டுதான் வந்தது. தண்ணியும் வந்தது,” என்றா.

“அப்ப ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“என்னை ஆர் கேட்டது? போன் மகளிட்ட. நான் உங்கட குழுவில இல்லை.”

காலையில் முன்பள்ளி நடக்கிற மண்டபம் அது. கரும்பலகையில் பிள்ளைகளுக்கு வரைந்த மாம்பழம் இருந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் அம்மாவின் செய்தியை நீளமாக எழுதினேன். பிறகு இடது பக்கத்திலிருந்து, கடைக்காரரின் செய்திக்கு வேண்டிய அளவை மட்டும் கையால் அழித்து, அந்த இடத்தில் அதை எழுதினேன். மிச்சம் வலது பக்கத்தில் கிடந்தது: காலை 6 மணி.

“நீளம் கூடினால் கூட்டச் சொல்லி எழுதினனான். குறைஞ்சால் குறைக்கச் சொல்லி எழுதேல்லை. அதுதான் வட்டம், அதுதான் ரெண்டாவது மணி. ஒருத்தரும் குறி வைக்கேல்லை.”

டிராக்டர்காரர் காலை மாற்றிப் போட்டார்.

“பிள்ளை வடிவா விளங்கப்படுத்துது. அதுதான் எனக்குச் சந்தேகம்.”

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“கொம்பியூட்டர் பிழை விடாதெண்டு இதே இடத்தில நிண்டு சொன்னது ஆர், தங்கச்சி?”

“நான்தான்.”

“இப்ப விடுமெண்டு சொல்லுறதும் நீர். எந்த நாளைக்கு உம்மை நம்புறது? துருசுக்காரர் உங்கட வீட்ட வந்து கதைச்சவரோ?”

“இல்லை.”

“கொப்பரோட?”

அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவர் என்னை நம்பினாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பிழையோடிருந்த பழைய செய்நிரலை நான் அழிக்கவில்லை. லப்டொப்பைத் திறந்து மேசையில் வைத்து, “ஏதாவது ரெண்டு பேரைச் சொல்லுங்கோ. என்ன மிஞ்சுமெண்டு முதலே பலகையில எழுதிறன்,” என்றேன். டிராக்டர்காரர் தன் பெயரையும் பக்கத்து வயல்காரரின் பெயரையும் சொன்னார். எண்ணிப் பார்த்து, வட்டம் ஒன்று வரும் என்று எழுதினேன். கணனியை ஓடவிட்டேன். வந்தது. “வேற ரெண்டு பேர்,” என்றார். அதுவும் எழுதியபடியே வந்தது. மூன்றாவது தரம் என்னை எண்ண விடாமல் தானே விரல்விட்டு எண்ணினார். அவருடைய கணக்குப் பிழைத்தது. திரும்ப எண்ணினார், சரிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. வட்டம் உம்மட வட்டம். ஒத்துக்கொள்ளுறன். ஆனா அண்டைக்குத் தண்ணி எவ்வளவு நேரம் போனதெண்டு ஆருக்குத் தெரியும்? படத்தில ஆறு அஞ்சு. நான் ஏழே முக்காலுக்குப் பாக்கேக்க அவர் அங்கதான் நிண்டவர். ஆரின்ர முறைக்கு?”

அப்போதுதான் துருசுக்காரர் எழும்பினார். அவர் அன்று கதைத்தது அதுதான் முதல் தரம்.

“ஏழேகாலுக்கே மூடிப்போட்டன். அதுக்குப் பிறகும் நிண்டனான், ஓம். இந்தப் பிள்ளை வடலிக்குப் பின்னால குந்தியிருந்ததை நான் கண்டனான். புதன்கிழமையும் சைக்கிள் தடம் பாத்தனான். தகப்பன்ர வயலுக்கு மடை வெட்ட வந்து நிக்குதெண்டு நினைச்சன். நான் போனால் வெட்டுமெண்டு போகேல்லை.”

மண்டபம் வெடித்தது. அப்பாவும் சிரித்தார். நான் துருசுக்காரரைக் காவல் காத்தேன் என்று நினைத்த நேரமெல்லாம் அவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். நான் படம் எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டேன். அவர் வெறும் வடலிக்குக் காவல் நின்றிருக்கிறார்.

சிரிப்பு அடங்க, அவர் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்து, தலைவரின் மேசையில் வைத்தார்.

“வேணுமெண்டால் எடுங்கோ. எடுக்காட்டி இனி நான் தனியத் திறக்கமாட்டன். ஆராவது வந்து பக்கத்தில நிக்கோணும். பத்தைக்குப் பின்னால வேண்டாம். பக்கத்தில.”

தலைவர் டிராக்டர்காரரைப் பார்த்தார். டிராக்டர்காரர் கூரையைப் பார்த்தார். கையுயர்த்தச் சொன்னபோது அவரும் கடைசியாக உயர்த்தினார். சிறுபோகம் முடியும்வரை திறப்பு துருசுக்காரரிடமே இருக்கும், துருசைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் முறைக்காரரோடு இன்னொருவரும் கூட நிற்க வேண்டும் என்று எழுதினார்கள். எங்கள் வாய்க்காலுக்கு அந்த இன்னொருவர் நானாக இருக்கட்டும் என்று துருசுக்காரர் சொன்னார். அது மன்னிப்பா தண்டனையா என்று அவரின் முகத்தில் தெரியவில்லை.

திங்கள் காலை முதல் முறை டிராக்டர்காரருக்கு. மூன்று பேரும் துருசடியில் நின்றோம். துருசுக்காரர் பூட்டைத் திறந்து, கதவைச் சுற்றி உயர்த்தும் திருகியில் கை வைத்து, “பன்னிரண்டு சுத்து. எண்ணுங்கோ,” என்றார். கதவு கிறீச்சிட்டு உயர்ந்தது. தண்ணீர் கால்களைத் தொட்டுக்கொண்டு ஓடியது. டிராக்டர்காரர் உதட்டுக்குள் எண்ணினார், நான் மனதுக்குள் எண்ணினேன்.

“சரியோ?” என்றார் துருசுக்காரர்.

“சரி,” என்றார் டிராக்டர்காரர்.

எனக்குப் பதினொன்றுதான் வந்திருந்தது. துருசுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். ஒன்றைத் தவறவிட்டது நானா, அவர் திருகியது குறைவா தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பத்துத் தரம் நினைத்துப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியும்.

“எனக்குப் பதினொண்டு,” என்றேன்.

துருசுக்காரர் கோபப்படவில்லை. திருகியை மற்றப் பக்கம் சுற்றத் தொடங்கினார்.

“என்ர தண்ணி, தங்கச்சி,” என்றார் டிராக்டர்காரர் பரிதாபமாக.

கதவு முழுக்க இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் அடங்கும் வரைக்கும் நின்றோம். பிறகு துருசுக்காரர் திருகியில் திரும்பவும் கை வைத்தார். இந்த முறை மூன்று பேரும் சத்தமாக எண்ணினோம்.